எஞ்சின் நீர் எங்கே போயிற்று?

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்தில் உள்ள ஊர் சாலவாக்கம். சுற்றிலும் ஏரிகளும் நெல் வயல்களும். அவற்றுக்கு அப்பால் கல்குவாரிகளும் கல் உடைக்கும் ஆலைகளும். அவ்வூரில் வாடகைக் கார் ஓட்டும் இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைத் தேடி வந்தார். பள்ளியில் என்னிடம் இயற்பியல் படித்தவர். சிறுநீரக நோயாளியான ஒரு பெரியவரை வாரம் மூன்று நாள் செங்கல்பட்டுக்கு டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் சென்று வருவது அவருடைய நிலையான சவாரி.

"சார், வண்டியில கூலன்ட் குறையுது. வாரத்துக்கு அரை லிட்டர். ஆனா கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை" என்றார்.

"பட்டறையில் என்ன சொன்னார்கள், தம்பி?"

"ஹெட் கேஸ்கட் போயிருக்கும், எஞ்சினைப் பிரிச்சுத்தான் பார்க்கணும்னு சொல்றாங்க. பிரிச்சா ஒரு வாரம் வண்டி நிக்கும். பெரியவரை யார் கூட்டிட்டுப் போறது?"

அவருடைய கவலை நியாயமானது. பிரித்தால் கையிருப்பு கரையும். பிரிக்காமல் விட்டு, வழியில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டால், சிகிச்சைக்குக் குறித்த நேரம் தவறும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா என்பதே கேள்வி. பொருள் அழிவதில்லை என்று எட்டாம் வகுப்பில் படிக்கிறோம். அப்படியானால் அந்த அரை லிட்டர் நீர் எங்கோ ஒரு வழியாக வெளியே போயிருக்க வேண்டும். அந்த வழியைப் பிரிக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

அதற்கு முன், எஞ்சினுக்கு நீர் எதற்கு என்பதைப் பார்த்துவிடுவோம்.

ஒன்பது வெந்நீர்க் கம்பிகள்

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி செ.க்கு மேல் போகிறது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். எஞ்சின் உருகாமல் இருப்பது, சிலிண்டர்ச் சுவர்களைச் சுற்றி ஓடும் நீரால்தான். எரிபொருளிலிருந்து கிடைக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மற்றொரு பங்கை நீர் எடுத்துச் செல்கிறது.

இது எவ்வளவு? மணிக்கு 5 லிட்டர் பெட்ரோல் எரிக்கும் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீர் வாங்கிக்கொள்ளும் வெப்பம் சுமார் 14 கிலோவாட். வீட்டில் வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் 1,500 வாட் மின்கம்பிகள் ஒன்பதை ஒரே சமயத்தில் போட்டது போன்றது இது. காரில் உள்ள நீரோ ஐந்து லிட்டர் அளவுதான். பம்பு அதை நிமிடத்துக்கு ஆறேழு முறை எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றிவரச் செய்கிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடும்போது காற்று அந்த வெப்பத்தைக் கொண்டுபோகிறது.

முதல் மோட்டார் வண்டிகளில் இந்த ஏற்பாடு இல்லை என்பது வியப்பான செய்தி. கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், நீர் கொதித்து ஆவியாகிப் போவதன் மூலமே எஞ்சின் குளிர்ந்தது. நீர் குறைவது அங்கே கோளாறன்று. வேலை செய்யும் முறையே அதுதான். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், இரு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் அந்த வண்டியில் பயணம் செய்தபோது, வழியில் கிடைத்த இடங்களில் எல்லாம் நிறுத்தி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. நாம் மேலே சொன்ன காரை அந்த முறையில் குளிர்வித்தால் மணிக்கு 20 லிட்டருக்கு மேல் நீர் வேண்டும்! 1900ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,070 சிறு சதுரக் குழாய்கள் இருந்தன. அதன் பிறகே, ஒரே நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது எளிதாயிற்று.

நம் நாட்டில் அம்பாசடர், ஃபியட் கார்கள் ஓடிய காலத்தில் காலையில் பானெட்டைத் திறந்து செம்பில் நீர் ஊற்றுவது ஓட்டுநர்களின் முதல் வேலையாக இருந்தது. ஆகவே நீர் குறைவதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. இன்றைய கார்களில் நீரோட்டம் மூடிய சுற்று. அதில் நீர் குறைந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். பழைய பழக்கத்தால் 'குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம்' என்று இருப்பவர்கள்தாம் பிறகு எஞ்சினை இழக்கிறார்கள்.

மூடியின் வேலை

ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. அதற்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று, உள்ளே அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் மட்டும் திறக்கும். பல கார்களில் அந்த அளவு சதுர செ.மீ.க்கு 0.9 கிலோ. அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை உயரும் என்பதைப் பிரஷர் குக்கர் நமக்குக் காட்டியிருக்கிறது. இந்த அழுத்தத்தில் நீர் 118 டிகிரி வரை கொதிக்காது. எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் என்றால் இன்னும் சில டிகிரி அதிகம்.

நீர் சூடாகி விரியும்போது மிகுதியானது பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போகிறது. எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் ஏற்படுகிறது. அப்போது இரண்டாவது வால்வு திறந்து, டப்பாவிலிருந்து நீர் திரும்ப இழுக்கப்படுகிறது. ஏறக்குறைய மூச்சு விடுவதைப் போல.

இங்கே ஓர் எச்சரிக்கை. சூடான எஞ்சினில் இந்த மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 115 டிகிரியில் இருக்கும் நீர், மூடி திறந்து அழுத்தம் நீங்கிய கணத்தில் 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். அந்த மிகுதி வெப்பம் நீரில் ஒரு பகுதியை உடனே ஆவியாக்குகிறது. ஒரு லிட்டருக்கு 28 கிராம் நீர்தான் ஆவியாகிறது. ஆனால் அது 45 லிட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும் ஆவி. அது மீதி வெந்நீரையும் தள்ளிக்கொண்டு முகத்தில் அடிக்கும். ஈரத் துணியைப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்பது வீண் நம்பிக்கை. முக்கால் மணி நேரமாவது பொறுத்திருப்பதே வழி.

மூன்றே வழிகள்

நீர் போவதற்கு மூன்று வழிகள்தாம் உண்டு. ஒன்று, வெளியே: குழாய், கிளிப், ரேடியேட்டர், பம்பு, மூடி ஆகியவற்றின் வழியாக. இரண்டு, எஞ்சின் ஆயிலுக்குள். மூன்று, சிலிண்டருக்குள் போய்ப் புகையோடு கலந்து சைலன்சர் வழியாக. நான்காவது வழி இல்லை. துப்பறிபவரின் வேலை எளிது. குற்றவாளி இம்மூவரில் ஒருவர்தான்.

பட்டறைக்காரர் கேஸ்கட்டைச் சந்தேகித்ததில் தவறில்லை. எஞ்சினின் மேல்பகுதியான 'ஹெட்' பெரும்பாலும் அலுமினியம். சில எஞ்சின்களில் கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பு. 40 செ.மீ. நீளமுள்ள அலுமினிய ஹெட், 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீள்கிறது. வார்ப்பிரும்பு அதில் பாதிதான் நீள்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட மெல்லிய கேஸ்கட், ஒவ்வொரு நாளும் இந்த இழுபறியைத் தாங்க வேண்டும். ஒருமுறை எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளைந்து கேஸ்கட் விட்டுப்போவதும் உண்டு. ஆகவே சந்தேகம் சரி. ஆனால் சந்தேகம் சான்று ஆகாது அல்லவா?

"பட்டறைக்காரர் வேறு என்ன காட்டினார்?" என்று கேட்டேன்.

"காலையில ஸ்டார்ட் பண்ணா சைலன்சர்ல தண்ணி சொட்டுது சார். அதுதான் உள்ளே போற கூலன்ட்டுன்னாங்க."

இது நம்மில் பலரை ஏமாற்றும் அறிகுறி. பெட்ரோலில் உள்ள ஆக்டேனின் மூலக்கூறில் 8 கார்பன் அணுக்களும் 18 ஹைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன. எரியும்போது ஹைட்ரஜன் முழுவதும் நீராகிறது. ஒரு மூலக்கூறு ஆக்டேனிலிருந்து 9 மூலக்கூறு நீர். கணக்கிட்டால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரை உண்டாக்குகிறது! சைலன்சர் சூடாக இருக்கும்போது இது கண்ணுக்குத் தெரியாத ஆவியாகப் போய்விடுகிறது. காலையில் குளிர்ந்த சைலன்சரில் அது நீராகப் படிந்து சொட்டுகிறது. நல்ல எஞ்சினும் இப்படிச் சொட்டும். கூலன்ட் உள்ளே போகும் எஞ்சினில், வண்டி சூடான பிறகும் வெண்புகை நிற்காது. அதில் ஓர் இனிப்பு வாசனையும் இருக்கும். நம் ஓட்டுநரின் காரில் ஐந்து நிமிடத்தில் புகை தெளிந்துவிட்டது.

அதேபோல் ஏ.சி. போட்ட காருக்கு அடியில் சொட்டும் தெளிந்த நீரையும் கூலன்ட் என்று எண்ணிவிடக் கூடாது. அது காற்றின் ஈரம். விரலால் தொட்டால் வழவழப்பு இராது, நிறமும் இராது.

ஒரு நோட்டுப் புத்தகம்

எஞ்சினைத் தொடும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னேன். நாள், ஓடிய கிலோமீட்டர், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது நீர்மட்டம், ஊற்றிய அளவு ஆகிய நான்கு மட்டும் அதில் எழுத வேண்டும். 'ஆறியிருக்கும்போது' என்பது முக்கியம். ஐந்து லிட்டர் நீர் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாகும்போது 150 மி.லி. அளவுக்கு விரிகிறது, கிளைக்கால் கலந்திருந்தால் அதற்கு மேலும். இன்று மாலை சூட்டில் பார்த்துவிட்டு நாளைக் காலை குளிரில் பார்ப்பவர், ஒரு சொட்டும் போகாமலே ஒரு தம்ளர் நீர் போய்விட்டது என்று பதறுவார்.

மூன்று வாரக் கணக்கு இரண்டு செய்திகளைச் சொல்லிற்று. பொங்கலுக்கு வண்டி நான்கு நாள் நின்றிருந்தது. அந்த நான்கு நாளும் மட்டம் இறங்கவே இல்லை. ஓடிய நாட்களிலோ, அதிகமாக ஓடிய அளவுக்கு அதிகமாகக் குறைந்திருந்தது. ஆகவே நிற்கும்போது கசிவு இல்லை, ஓடும்போது மட்டுமே.

மூன்றாவது செய்தி தற்செயலாகக் கிடைத்தது. யாரோ சொன்னார்கள் என்று அவர் இடையில் ரேடியேட்டர் மூடியை மாற்றிவிட்டார். பழைய மூடியின் ரப்பர் தேய்ந்து வெடித்திருந்தது உண்மைதான். ஆனால் புது மூடி போட்ட வாரத்தில் நீர் குறைவது நிற்கவில்லை. அரை லிட்டர் முக்கால் லிட்டராயிற்று! அவர் புது மூடியைத் திட்டினார். எனக்கோ மகிழ்ச்சி. மூடிதான் குற்றவாளி என்றால் இழப்பு நின்றிருக்கும். கூடியது என்றால் என்ன பொருள்? பழைய மூடி அழுத்தத்தைத் தாங்காமல் விட்டுக்கொண்டிருந்தது. புது மூடி அழுத்தத்தை முழுமையாக நிறுத்திற்று. அந்த அழுத்தம் வேறோர் ஓட்டை வழியே நீரை முன்னிலும் வேகமாகத் தள்ளுகிறது. ஓட்டை வேறிடத்தில்.

இப்போது கணக்கைத் திருப்பிப் பார்ப்போம். வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஓடி அரை லிட்டர் போனால், மணிக்கு 50 மி.லி. ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்று கொண்டால், மணிக்கு ஆயிரம் சொட்டு. மூன்றரை வினாடிக்கு ஒரு சொட்டு. இது சூடான எஞ்சின் மேல் விழுந்தால் தரைக்கு வருமா? 50 கிராம் நீரை ஒரு மணி நேரத்தில் ஆவியாக்கத் தேவையான வெப்பம் சுமார் 31 வாட். அந்தக் காலத்து 40 வாட் குண்டு பல்பின் வெப்பமே போதும், சான்று முழுவதையும் அழித்துவிட! 14 கிலோவாட் வெப்பத்தைக் கொட்டும் எஞ்சினுக்கு இது ஒரு பொருட்டா? தரையில் ஈரம் இல்லை என்பதால் வெளியே கசியவில்லை என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பது இப்போது விளங்கும்.

நீல நீர் சொன்ன சாட்சி

அடுத்தது, உள்வழிகளைச் சோதிப்பது. ஆயில் அளக்கும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தோம். ஆயிலில் நீர் கலந்தால் அது பால் விட்ட காப்பியைப் போல் வெளுத்துவிடும். இங்கே நிறம் மாறவில்லை. ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றி வரிசையாக வைத்தோம். நான்கும் ஒரே மாதிரி வெளிர் பழுப்பு. நீர் புகும் சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியால் கழுவப்பட்டுத் தனியே பளிச்சென்று இருக்கும்.

இவை போதா. கேஸ்கட்டில் மிகச் சிறிய விரிசல் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. பிஸ்டன் அமுக்கும்போதும் பெட்ரோல் எரியும்போதும் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் கூலன்ட்டின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. எனவே விரிசல் இருந்தால் அந்நேரம் எரிந்த வாயு நீருக்குள் புகும். எரிந்த வாயுவில் கரியமில வாயு 12 முதல் 14 சதவீதம்; நாம் சுவாசிக்கும் காற்றில் அது 0.04 சதவீதம்தான். ஆகவே ரேடியேட்டர் வாயிலிருந்து எழும் காற்றில் கரியமில வாயு மிகுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பள்ளி மாணவருக்கு உடனே சுண்ணாம்பு நீர் நினைவுக்கு வரும். தத்துவம் அதுவேதான். பட்டறைகளில் புரோமோதைமால் நீலம் என்னும் சாயக் கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். கரியமில வாயு நீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் ஆகிறது. அமிலம் பட்டால் இச்சாயம் நீலத்திலிருந்து பச்சையாகி மஞ்சளாகிறது. உறிஞ்சு குழலால் மூச்சை ஊதினாலே இது மஞ்சளாவதை ஆய்வகத்தில் காணலாம். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, நீர்மட்டத்தைச் சற்றுக் குறைத்து, சாயக் குழாயை வாயில் பொருத்தி எஞ்சினை ஓடவிட வேண்டும். ரப்பர்க் குமிழை அமுக்கி அமுக்கி, மேலே எழும் காற்றைச் சாயத்தின் வழியே இழுக்க வேண்டும். நீர் மட்டும் சாயத்தில் கலந்துவிடக் கூடாது.

செங்கல்பட்டில் இக்கருவி வைத்திருந்த ஒரு பட்டறையில் சோதித்தோம். இரண்டு நிமிடம் ஆயிற்று. நீலம் நீலமாகவே நின்றது. மறுநாள் இன்னொரு முறை, அப்போதும் நீலம். பெரியவரின் சவாரிக்கு ஒரு வாரம் வண்டி நிற்க வேண்டியதில்லை என்பது அந்த நிறத்தில் தெரிந்தது.

அதே பட்டறையில் அழுத்தச் சோதனையும் செய்தார்கள். சைக்கிள் பம்பைப் போன்ற கைப்பம்பும் அழுத்தமானியும் கொண்ட கருவி அது. மூடிக்குப் பதிலாக அதைப் பொருத்தி, எஞ்சினை நிறுத்தியபடியே 0.9 கிலோ வரை காற்றடித்தார்கள். இருபது நிமிடம் முள் அசையவில்லை. சூடான எஞ்சினிலும் செய்து பார்த்தார்கள். ஆனால் ஐந்து நிமிடம் மட்டும். அதற்கு மேல் பார்த்தால் எஞ்சின் ஆறுவதாலேயே முள் இறங்கி நம்மைக் குழப்பும். ஐந்து நிமிடமும் முள் நின்றது.

இப்போது நிலைமை விந்தையாக இருந்தது. நீர் உள்ளே போகவில்லை. அழுத்தத்தை ஏற்றினாலும் கசியவில்லை. சூட்டிலும் கசியவில்லை. ஓடும்போது மட்டும் கசிகிறது. ஓடும்போது இருந்து, நிறுத்தியதும் இல்லாமற்போவது எது? சுழற்சி! நீரோட்டச் சுற்றில் சுழலும் பகுதி ஒன்றே ஒன்றுதான்: மெக்கானிக்குகள் 'வாட்டர் பாடி' என்று சொல்லும் நீர்ப்பம்பு.

தூசியும் ஊதா விளக்கும்

ஏரிக்கரையில் கசிவைத் தேடுபவர் நீர் நிற்கும் பக்கத்தைப் பார்ப்பதில்லை. கரையின் வெளிச்சரிவில், கோடையிலும் எங்கே புல் பசுமையாக நிற்கிறது என்று பார்ப்பார். உத்திரமேரூர்ப் பகுதியினருக்கு இது புதிதன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. எஞ்சினில் புல் முளைக்காது. ஆனால் சாலவாக்கத்துச் சாலைகளில் ஓடும் எந்த எஞ்சின் மேலும் கல்குவாரி லாரிகள் கிளப்பும் மாவு போன்ற தூசி படிந்திருக்கும். இத்தூசி ரேடியேட்டரின் இடுக்குகளை அடைத்துத் தொல்லை தருவது. ஆனால் இங்கே அது கைரேகை நிபுணரின் பொடியைப் போல உதவிற்று. உலர்ந்த இடத்தில் தூசி தூளாகவே இருந்தது. பெல்ட் சக்கரத்தின் பின்புறம், முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் மூலையில், அது பிசைந்த சாந்தைப் போல் இறுகிக் கிடந்தது.

அது கூலன்ட்தானா, ஆயிலா? இதற்கு ரூபாய் நோட்டைச் சோதிக்கும் சிறிய புற ஊதா விளக்கு போதுமானதாயிற்று. பச்சை நிறக் கூலன்ட்கள் பலவற்றில் ஃபுளோரசீன் வகைச் சாயம் கலந்திருக்கிறது. நீர் ஆவியாகிவிடும், கிளைக்காலின் கொதிநிலை 197 டிகிரி என்பதால் அதில் ஒரு பகுதியும், சாயமும் தங்கிவிடும். மாலை மங்கிய பிறகு விளக்கை அடித்தோம். பம்பின் அடியிலிருந்து எஞ்சினின் பக்கவாட்டில், வளைவாகச் சிதறிய மஞ்சட்பச்சைப் பொட்டுகள் விண்மீன்களைப் போல் ஒளிர்ந்தன. சுழலும் சக்கரம் சொட்டுகளை வீசியெறிந்த தடம் அது. தடம் சூடான புகைக்குழாய்ப் பக்கம் போய் முடிந்தது. தரைக்கு வராத காரணமும் அதுவே.

மறைந்த நீரைச் சாயத்தால் தேடும் இந்த முறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஜெர்மனியில் டான்யூப் ஆறு ஓரிடத்தில் தரையின் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் புகுந்து மறைந்துவிடுகிறது. அந்நீர் எங்கே போகிறது என்று வழக்கே நடந்தது. 1877இல் அடால்ஃப் நாப் என்னும் நிலவியலறிஞர் அவ்விடத்தில் 10 கிலோ ஃபுளோரசீன் சாயத்தையும், கூடவே டன் கணக்கில் உப்பையும் கலந்தார். ஏறக்குறைய 60 மணி நேரம் கழித்து, 12 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆக் ஊற்றில் நீர் பச்சையாக ஒளிர்ந்து வந்தது. ஆறு எங்கே போகிறது என்ற கேள்விக்கும் வாட்டர் பாடி எங்கே கசிகிறது என்ற கேள்விக்கும் விடை சொன்னது ஒரே வகைச் சாயம்தான்.

பம்பு ஏன் கசிந்தது?

நீர்ப்பம்பின் சுழலும் தண்டு, நீர் உள்ள பக்கத்திலிருந்து உலர்ந்த பக்கத்துக்கு வருகிறது. அது வெளிவரும் இடத்தில் சீல் என்னும் அடைப்பு இருக்கிறது. வழவழப்பாகத் தேய்த்த இரண்டு வளையங்கள், ஒன்று நிலையாகவும் ஒன்று சுழன்றும், ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. நிற்கும்போது அவை நன்றாகப் பொருந்தி நீரைத் தடுத்துவிடும். வளையத்தில் கீறல் விழுந்துவிட்டால், சுழலும்போது அவை நடுங்கி விலகிச் சிறிது நீரை விட்டுவிடும். அந்நீர் பேரிங்குக்குள் போய்விடாமல் வெளியேறுவதற்காகவே பம்பின் அடியில் ஒரு சிறு துளை வைத்திருக்கிறார்கள். பம்பைச் செய்தவர்கள் நமக்காக வைத்த எச்சரிக்கைத் துளை அது. அதை அடைத்துவிட்டால் கசிவு நின்றது போலத் தோன்றும். சில வாரங்களில் பேரிங் துருப்பிடித்துப் பம்பு சிக்கிக்கொள்ளும். 'எம்சீல் வைத்து அடைத்துவிட்டேன்' என்று பெருமையாகச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும்.

கழற்றிய பம்பைக் கையில் எடுத்துச் சக்கரத்தை ஆட்டியபோது தண்டு லேசாக ஆடிற்று. உட்புறத்தில் வெள்ளையாகச் சொரசொரப்பான படிவு. இதுதான் உண்மையான குற்றவாளி. அவர் இரண்டாண்டுகளாகக் கூலன்ட் குறைந்தபோதெல்லாம் போர்வெல் நீரையே ஊற்றி வந்திருக்கிறார். கடின நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடுபட்டதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் அதே வெள்ளைக் காரைதான். அது ரேடியேட்டர்க் குழாய்களை அடைக்கிறது. வெப்பம் கடத்துவதைத் தடுக்கிறது. உதிர்ந்த துகள்கள் சீல் வளையத்தைக் கீறுகின்றன. போதாக்குறைக்கு, கூலன்ட்டில் உலோகம் அரிக்காமல் காக்கும் மருந்துகளும் நீர்த்துப்போகின்றன. கசிவுக்கு ஊற்றிய நீரே கசிவை வளர்த்திருக்கிறது. கூலன்ட் கிடைக்காத அவசரத்தில் எந்த நீரும் ஊற்றலாம். ஊர் வந்ததும் அதை வடித்துவிட்டு, வாலை வடிநீர் கலந்த கூலன்ட்டை நிரப்ப வேண்டும்.

வடித்த பழைய கூலன்ட்டைக் கொல்லையில் கொட்ட முயன்றவரைத் தடுத்தேன். எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது. நாயும் ஆடும் நக்கிக் குடித்துவிடும். அது உடலுக்குள் ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிட ஆபத்து. சிறுநீரகம் கெட்டவரை வாரம் மூன்று முறை அழைத்துச் செல்லும் அவருக்கு இதை விளக்கத் தேவையிருக்கவில்லை.

பம்பை மாற்ற அரை நாள் ஆயிற்று. சவாரி இல்லாத நாளாகப் பார்த்து மாற்றினார்கள். எஞ்சினைப் பிரிப்பதற்குச் சொன்ன தொகையில் சிறு பகுதிதான் செலவு.

மூன்றாம் நாள் காலையிலேயே ஓட்டுநர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். முகத்தில் களை இல்லை. "சார், மறுபடியும் நூறு மி.லி. குறைஞ்சிருக்கு." எனக்கும் ஒரு கணம் திக்கென்றது. பிறகுதான் நினைவு வந்தது: புதிதாக நிரப்பிய சுற்றில் வளைவுகளில் காற்றுக் குமிழிகள் தங்கியிருக்கும். எஞ்சின் இரண்டு மூன்று முறை சூடாகி ஆறும்போது அவை மெல்ல வெளியேறும். அவை இருந்த இடத்தை நீர் நிரப்பும். மட்டம் அந்த அளவு இறங்கும். நூறு மி.லி. ஊற்றிவிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதற்குப் பின் எட்டு வாரங்களுக்கு அந்த நோட்டின் கடைசிப் பத்தியில் சுழியம் தவிர வேறு எண் இல்லை.